0.999… என்பது 1 தானா? மகன் எழுதிய விடையை அடிக்கலாமா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். 0.999… என்று ஒன்பது முடிவில்லாமல் வரும் தசமத்தைப் பின்னமாக மாற்றும் கணக்கில், விடை 1 என்று எழுதியிருந்தான். டியூஷன் ஆசிரியர் அதை அடித்துவிட்டு, "1-க்கு ரொம்பப் பக்கத்தில் வரும், ஆனால் 1 ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக் கால்குலேட்டரில் 1-ஐ 3-ஆல் வகுத்து, வந்ததை 3-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 0.9999999 என்றுதான் வருகிறது. எது சரி? தேர்வில் எப்படி எழுதச் சொல்வது?

பதில்: உங்கள் மகன் எழுதியதுதான் சரி. 0.999… என்பதும் 1 என்பதும் ஒரே எண். கிட்டத்தட்ட அல்ல, தோராயமாக அல்ல, அதே எண்தான். அரை என்பதை 1/2 என்றும் 2/4 என்றும் 0.5 என்றும் எழுதுகிறோமே, அதுபோல ஒன்றுக்கு இது இன்னோர் எழுத்து வடிவம்.

ஆசிரியர் மேல் கோபப்பட வேண்டாம். இந்தச் சந்தேகம் வராத ஆள் அபூர்வம். பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகம்கூட இதே கணக்கைக் கொடுத்துவிட்டு, விடை ஆச்சரியமாக இருக்கிறதா என்று மாணவரிடம் கேட்டது.

முதலில் கால்குலேட்டரைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் குழப்பம் பாதி அங்கிருந்துதான் வருகிறது. எட்டு இலக்கம் காட்டும் சாதாரணக் கடைக் கால்குலேட்டர் 1 ÷ 3-க்கு 0.3333333 என்று ஏழு மூன்றோடு நிறுத்திவிடும். எட்டாவது மூன்றுக்கு அதில் இடம் இல்லை. நிறுத்தியதை 3-ஆல் பெருக்கினால் 0.9999999. இந்த எண் 1 அல்ல. கோடியில் ஒரு பங்கு குறைவு. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டரில் இதையே போட்டால் பெரும்பாலும் 1 என்று காட்டும். அது அதிகக் கணக்கு தெரிந்ததால் அல்ல. திரையில் தெரிவதைவிடச் சில இலக்கங்களை உள்ளே கூடுதலாக வைத்துக்கொண்டு, காட்டும்போது முழுமையாக்கிவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டு கருவிகளிலும் எண் நடுவில் வெட்டப்பட்டிருக்கிறது. உங்கள் மகனின் கணக்கில் உள்ள 0.999… எங்கேயும் வெட்டப்படாதது. அந்த மூன்று புள்ளிகளில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது ஒரு பேப்பரில் மகனை 1 ÷ 1 வகுக்கச் சொல்லுங்கள், ஆனால் ஒரு வீம்போடு. ஒன்றில் ஒன்று ஒரு தடவை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் மட்டும் "போகாது" என்று 0 போட்டுப் புள்ளி வைக்கட்டும். மீதி 1. பக்கத்தில் சைபர் சேர்த்தால் 10. இப்போது 10-ல் 1 பத்துத் தடவை போகும், ஆனால் ஓர் இடத்தில் 9-க்கு மேல் எழுத முடியாதே, அதனால் 9 போடட்டும். 10-ல் 9 போக மீதி 1. மறுபடி சைபர், மறுபடி 10, மறுபடி 9, மறுபடி மீதி 1. வகுத்தல் ஒருநாளும் முடியாது, ஈவு 0.999… என்று போய்க்கொண்டே இருக்கும். வகுத்தது 1-ஐ 1-ஆல். நேர்மையாக வகுத்தால் 1, வீம்பாக வகுத்தால் 0.999…. பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் சிரித்துவிடுவார்கள், எனக்கும் இதுதான் பிடித்த வழி.

பள்ளியில் சொல்லித்தரும் வழி வேறு. எண்ணை அ என்று வைத்துக்கொண்டால் அ = 0.999…, 10அ = 9.999…. முதலில் உள்ளதை இரண்டாவதிலிருந்து கழித்தால் புள்ளிக்குப் பின்னால் உள்ள ஒன்பதுகள் எல்லாம் அடிபட்டு 9அ = 9, அதாவது அ = 1. தேர்வுக்கு இது போதும். ஆனால் சந்தேகப்படுகிறவரை இது சமாதானப்படுத்தாது, அதில் நியாயமும் இருக்கிறது. ஏன் என்று காட்டுகிறேன்.

ஒன்பதுகள் வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் முடிவில்லாமல் போவதாக வையுங்கள்: …9999. இதை ஆ என்போம். பத்தால் பெருக்கினால் …9990. இது ஆ-வைவிட 9 குறைவு. எனவே ஆ − 10ஆ = 9, அதாவது ஆ = −1. முடிவில்லாமல் பெரிதாகும் ஒன்றுக்கு விடை மைனஸ் ஒன்று! பழைய ஸ்கூட்டர் மீட்டரில் எல்லாம் ஒன்பதாக நிற்கும்போது இன்னொரு கிலோமீட்டர் ஓட்டினால் எல்லாம் சைபராகிவிடுமே, அந்த அர்த்தத்தில் இதற்கு ஒரு தனிக் கணித உலகமே உண்டு. ஆனால் நாம் காய்கறி நிறுக்கும் உலகில் இது செல்லாது. ஆக, பத்தால் பெருக்கிக் கழிக்கும் வித்தை தன்னளவில் எதையும் நிரூபிப்பதில்லை. அந்த எண் உண்மையிலேயே ஓர் எண்தான் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் 0.999… என்று எழுதும்போது எந்த எண்ணைச் சொல்கிறோம்?

0.9, 0.99, 0.999 என்று ஒரு வரிசை இருக்கிறது. இந்த வரிசை 1-ஐ நெருங்கிக்கொண்டே போகிறது; இதில் எந்த உறுப்பும் 1-ஐத் தொடாது. டியூஷன் ஆசிரியர் சொன்னது இந்த வரிசைக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். ஆனால் 0.999… இந்த வரிசையில் ஓர் உறுப்பு அல்ல. வரிசை எந்த எண்ணை நோக்கிப் போகிறதோ அந்த எண்ணுக்குத்தான் அந்தப் பெயர். பஸ் போய்க்கொண்டே இருக்கலாம். அதன் போர்டில் எழுதியிருக்கும் ஊர் நகர்வதில்லை. "0.999… போய்க்கொண்டே இருக்கிறது" என்று பேச்சுவழக்கில் சொல்லிச் சொல்லியே நாம் போர்டைப் பஸ் என்று நினைத்துவிட்டோம்.

அது 1 தானா, 1-க்குக் கொஞ்சம் கீழே வேறோர் எண்ணா என்று கேட்கலாம். கொஞ்சம் கீழே என்றால் எவ்வளவு கீழே? லட்சத்தில் ஒரு பங்கா? ஆறு ஒன்பது போட்டாலே குறை பத்து லட்சத்தில் ஒன்றுதான், 0.999… அந்த ஆறு ஒன்பது எண்ணைவிடவும் பெரியது. கோடியில் ஒரு பங்கா? எட்டு ஒன்பது போடுங்கள், அதையும் தாண்டிவிடும். எவ்வளவு சிறிய இடைவெளி சொன்னாலும் உண்மையான இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். பள்ளியில் படிக்கும் மெய்யெண்களில் அப்படிப்பட்ட எண் பூஜ்யம் ஒன்றுதான். வகுப்பில் ஒருவராவது "0.000…1" என்பார், அதாவது முடிவில்லாத சைபர்களுக்கு அப்புறம் ஒரு 1. முடிவில்லாததற்கு "அப்புறம்" ஏது?

இந்தக் கவலை நமக்குப் புதிதல்ல. கேரளத்துக் கணித அறிஞர் நீலகண்ட சோமயாஜி, சுமார் 1500-ஐ ஒட்டி, ஆரியபட்டரின் ஆரியபடீயம் என்ற நூலுக்கு எழுதிய உரையில் 1/4 + 1/16 + 1/64 + … என்று முடிவில்லாமல் கூட்டினால் 1/3 வருவதைப் பேசுகிறார். அவர் எழுப்பும் கேள்வி நம் டியூஷன் ஆசிரியரின் கேள்விதான்: கூட்டுத்தொகை அவ்வளவுக்கு மேல் வளராது என்று எப்படித் தெரியும், அதுவரை வளர்கிறது என்றும் எப்படித் தெரியும்? ஒவ்வொரு உறுப்பைச் சேர்க்கும்போதும் மீதமுள்ள குறை நான்கில் ஒன்றாகச் சுருங்குவதைக் காட்டிப் பதில் சொல்கிறார். நம் கணக்கில் ஒவ்வொரு ஒன்பதுக்கும் குறை பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. தர்க்கம் அதே. ஐரோப்பாவில் கணித மேதை ஆய்லர் 1770-இல் வெளியிட்ட இயற்கணிதப் புத்தகத்தில் 9.999… = 10 என்பது வருகிறது.

தசம முறைக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல இது. நம் பழைய பின்னங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி. முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. 320-ஐ உடைத்தால் இரண்டும் ஐந்தும்தான் வரும், மூன்று வராது. அதனால் ஒன்றை மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 106 முந்திரி போக, முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு தொக்கி நிற்கும். முந்திரியை மறுபடி 320-ஆக்கிக் கீழ்முந்திரிக்குப் போனால் 213 கிடைக்கும், கீழ்முந்திரியில் மூன்றில் ஒரு பங்கு தொக்கும். ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம். அதற்குக் கீழேயும் 320-320 ஆகவே பிரித்தால் 106, 213, 106, 213 என்று சுழன்றுகொண்டே இருக்கும். அந்த மூன்று பங்கையும் கூட்டினால் 319 முந்திரி, 319 கீழ்முந்திரி, அதற்குக் கீழும் 319… என்று வரும். மூன்று பேரிடமும் இருப்பதைத் திரும்ப வாங்கினால் முழுசாக ஒன்று கிடைக்காமல் எங்கே போகும்?

வெட்டியதும் வெட்டாததும் ஒன்றல்ல என்பது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. பத்தில் ஒன்று நமக்கு 0.1 என்று முடிந்துவிடும். கம்ப்யூட்டரின் இரும எண் முறையில் அது 0.000110011… என்று முடிவில்லாமல் சுழலும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் ஓர் அமெரிக்கப் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு இராக்கின் ஸ்கட் ஏவுகணையைக் கோட்டைவிட்டது, 28 வீரர்கள் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: பத்தில் ஒரு நொடியை 24 பிட்டில், அதாவது 24 இரும இலக்கங்களில், வெட்டிச் சேமித்திருந்தார்கள். சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அந்தத் துளிப் பிழை பெருகி, நேரம் நொடியில் மூன்றில் ஒரு பங்கு தவறியிருந்தது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்.

சரி, தேர்வு விஷயம். மகன் அந்தப் பத்தால் பெருக்கும் வழியையே படிப்படியாக எழுதட்டும்; அ = 0.999…, 10அ = 9.999…, 9அ = 9, அ = 1. புள்ளிகளை விட்டுவிடக் கூடாது, அல்லது 9-க்கு மேல் கோடு போட வேண்டும். வெறும் 0.999 என்று எழுதிவிட்டு 1 என்றால் அது தப்புதான், மதிப்பெண் போகும். "ஏறக்குறைய" குறியும் வேண்டாம், சமக்குறியே போடட்டும். இரண்டு தசமங்களில் எது பெரிது என்று முதலில் வேறுபடும் இலக்கத்தை வைத்துப் பார்க்கும் வழக்கமான வழி, முடிவில்லா ஒன்பதுகள் வரும் எண்ணில் மட்டும் ஏமாற்றும் என்பதையும் சொல்லிவையுங்கள். முடிவுறு தசமம் எதுவாக இருந்தாலும், பூஜ்யம் நீங்கலாக, அதற்கு இப்படி இரண்டாவது வடிவம் உண்டு. 1/3 போன்றவற்றுக்குக் கிடையாது.

புரிந்ததா என்று பார்க்க 2.4999… கொடுங்கள். 10அ = 24.999…, 100அ = 249.999…, கழித்தால் 90அ = 225. அவன் 5/2 என்று எழுதிக்கொண்டு வந்தால், அந்தத் தாளை டியூஷனுக்கும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.