வெளிநாட்டுக் காசுதானே எண்டு விடலாமா? (வாசகர் கடிதம்)

அண்ணன், அம்பாறைக் கரையில இருக்கிற ஒலுவில் துறைமுகம் மண் மூடி வீணாப் போனதப் பத்தி நீங்க எழுதினத வாசிச்சன். உங்கட கோவம் விளங்குது, ஆனா அது டென்மார்க் காசில கட்டினதுதானே, எங்கட வரிக்காசு இல்லையே. நான் வரி கட்டுற அளவுக்கு உழைக்கிற ஆளும் இல்ல. வீணாப் போனா கொழும்புல வரி கட்டுறவங்க கேக்கட்டும், நமக்கென்ன?
- ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

தம்பி,

உங்கட கடிதத்துல கோவம் வரல்ல, கவலதான் வந்திச்சு, ஏனெண்டா இத நீங்க மட்டும் சொல்லல்ல, நம்மட பக்கம் தேத்தண்ணிக் கடையில இருந்து கோயில் திண்ணை வரைக்கும் எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. வெளிநாட்டுக் காசு. இந்த ஒரு சொல்லு வந்தா மறுகா ஒருத்தரும் கணக்குக் கேக்கிறல்ல.

டென்மார்க் சும்மா தரல்ல, கடனாத்தான் தந்தது. கடனெண்டா நாடுதான் திருப்பிக் கட்டணும், அதுவும் வெளிநாட்டுக் காசாக் கட்டணும். 2022 மார்ச் தொடக்கத்துல 200 ரூபா மட்டுக்கு இருந்த டொலர் மே மாசம் 360க்குக் கிட்டப் போச்சு, அப்ப நாட்டுட கடனெல்லாம் ரூபாக் கணக்குல எவ்வளவு ஏறியிருக்கும் எண்டு நீங்களே பாருங்க. அரசாங்கத்துக்குக் காசு காணாமப் போனபடியாத்தானே 8 வீதமா இருந்த வற் எண்ட, சாமான் விலையோட சேருற வரிய 2022ல முதல் 12 ஆக்கி, பிறகு 15 ஆக்கி, 2024 ஜனவரியில 18 ஆக்கினாங்க. நீங்க வரி கட்டல்ல எண்டு சொல்றீங்க. உங்கட உம்மா, அம்மா, ஆரோ ஒராள் வாங்குற சவுக்காரம் 118 ரூபா எண்டு வைங்க, அதுல 18 ரூபா வரி. போனுக்குப் போடுற ரீலோட்லயும் வெட்டுறாங்க. கூலி வேலைக்குப் போறவனும் பெரிய கொம்பனி முதலாளியும் அந்தச் சவுக்காரத்துக்கு ஒரே வரிதான் கட்டுறாங்க, ஆனா கூலிக்காரனுக்கு அந்த 18 ரூபா பெருசு.

ஒலுவிலுக்கு நீங்க ஒருக்காப் போய்ப் பாருங்க தம்பி. அந்தக் கடல்ல மண் தெக்கால இருந்து வடக்கால ஓடுறது, கரைவலை இழுக்கிற எந்தக் கிழவனும் சொல்லுவார். குறுக்க கல்லப் போட்டு மறிச்சா தெக்குப் பக்கம் மண் குவியும், வடக்குப் பக்கம் கரைய கடல் தின்னும். அப்படித்தான் நடந்திச்சு. 2013 செப்டம்பர்ல கொடி கட்டித் திறந்த துறைமுகத்துட வாய மண் மூடி போட் உள்ள போக ஏலாமப் போச்சு, அங்கால ஒலுவில், நிந்தவூர்க் கரையெல்லாம் கடலரிப்பு. எனக்குத் தெரிஞ்ச ஒரு முஸ்லிம் அண்ணன், காக்கா எண்டுதான் கூப்பிடுவன், என்னக் கூட்டிப் போய்க் காட்டினார், அவருட வளவு எண்டு கையக் காட்டின இடத்துல தண்ணி நிக்குது, வேர் மேல தெரியக் கிடந்த ஒரு தென்னை மட்டும் அவர்ர. "இதுல பதினேழு மரம் நிண்ட" எண்டார். மறுகா ஒண்டும் கதைக்கல்ல.

மீன்பிடிக்காரர் மண்ண வெட்டச் சொல்றாங்க, கரைச் சனம் முதல்ல அரிப்ப நிப்பாட்டுங்க எண்டு சொல்றாங்க, ரெண்டு பேரும் நியாயம், ரெண்டு பேரும் ஆளோட ஆள் முகம் பாக்காம நிக்கிறாங்க. காசு வீணாப் போறதுல எனக்கு ஆக வலிக்கிறது இதுதான்.

பெருசுல மட்டும் இல்ல. எங்கட ஊருக்குக் கிட்ட ஒரு மீன் சந்தை கட்டினாங்க, தரை மாபிள், ஆனா மீன் கழுவுற தண்ணி போக வடிகான் இல்ல. மூணு மாசத்துல நாத்தம் தாங்காம வியாபாரிமார் எல்லாரும் பழைய மரத்தடிக்கே வந்திட்டாங்க. தகவல் கேட்டு எழுதினன். கட்டினதுக்குக் கணக்கு வந்திச்சு, பராமரிக்க ஒரு சதமும் ஒதுக்கல்ல எண்டு அதுலயே இருந்திச்சு. கல்வெட்டு மட்டும் இன்னும் பளபளக்குது.

நீங்க கேட்ட "நமக்கென்ன" எண்டதுக்கு சட்டத்துலயே பதில் இரிக்கு. 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்துல 9ம் பிரிவு. வெளிநாட்டுக் காசில செய்யிற வேலை ஒரு லட்சம் டொலருக்கு மேலயெண்டாலும், உள்நாட்டுக் காசில 5 லட்சம் ரூபாக்கு மேலயெண்டாலும், தொடங்க மூணு மாசத்துக்கு முந்தியே அதப் பத்தின தகவல சனத்துக்கும், குறிப்பா அதால பாதிக்கப்படப் போறவங்களுக்கும் அமைச்சர் சொல்லணும். வரி கட்டுறவருக்கு மட்டும் சொல்லு எண்டு அதுல இல்ல. அந்தத் தென்னை மரக் காக்காவப் போல ஆக்களுக்குச் சொல்லணும் எண்டுதான் இரிக்கு.

களுவாஞ்சிகுடிப் பக்கமும் ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். பெயர்ப்பலகையில எவ்வளவு காசு, எப்ப முடியும் எண்டு போட்டிருந்தா ஒரு போட்டோ எடுங்க. மறுகா அந்த ஒபிசுல தகவல் உத்தியோகத்தர் ஆரெண்டு கேட்டு, பராமரிப்புக்கு வருசம் எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க எண்டு ஒரே ஒரு கேள்விய தமிழ்லயே எழுதிக் குடுங்க, ஏன் கேக்கிறீங்க எண்டு அவங்க கேக்க ஏலாது, 14 வேலை நாளுக்குள்ள தாறமா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். வார பதில எனக்கும் அனுப்புங்க தம்பி, இதுலயே போடுறன்.