உயரம் குறைந்த மலையில் காட்சி விரிவது ஏன்?

கேள்வி: வேல்ஸின் அபெரிஸ்துவித் நகரில் படிக்கும் என் மகன், பிம்லிமோன் என்ற மலையுச்சியில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தான். உயரம் 752 மீட்டர்தானாம். ஆனால் கடலும் இருபுற மலைகளும் ஒருசேரத் தெரிகின்றன. எங்கள் தோட்டத்திலிருந்து நாள்தோறும் பார்க்கும் ஜெராய் மலையோ 1,217 மீட்டர். சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மேலே போய், வெறும் வெள்ளை மூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இது ஏன்?
— ஒரு வாசகி, பீடோங், கெடா

பதில்: கணக்குப்படி உங்கள் ஜெராய்தான் வெல்ல வேண்டும், அம்மா. மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பிம்லிமோனுக்கு ஏறத்தாழ 98, ஜெராய்க்கு 124. கண்ணை மறைப்பவை மரமும் காற்றின் ஈரமும்தான்.

பிம்லிமோனில், ஓயாத காற்றும், காலடியில் பஞ்சுபோல் அமுங்கும் கரிச்சேற்று நிலமும், பல நூற்றாண்டு ஆட்டு மேய்ச்சலும் சேர்ந்து மரம் எழும்ப விடாமல் செய்துவிட்டன. உச்சியில் இருப்பவை புல்லும், வெண்கலக் காலத்தவர் குவித்த கற்குவியல்களும், முதுகில் சாயக்குறி இட்ட சில ஆடுகளுமே. மழைமேகக் கூட்டம் கடந்தபின் வடமேற்கிலிருந்து வீசும் குளிர்ந்த கடற்காற்றில் தூசியும் புகையும் மிகக் குறைவு. அத்தகைய நாளில் வடக்கே 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்னோடன் மலையும் (1,085 மீட்டர்), தெற்கே கிட்டத்தட்ட அதே தொலைவிலுள்ள பென் அ வான் மலையும், மேற்கே கார்டிகன் விரிகுடாவும் தெரியும். செவர்ன், வை, ரைடோல் ஆகிய மூன்று ஆறுகளும் பிறப்பது அந்த மலையில்தான். அவற்றுள் ரைடோல், உங்கள் மகன் படிக்கும் ஊரிலேயே கடலில் கலக்கிறது.

ஆனால் அவர் அனுப்பியது நல்ல நாளின் படம். அங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேகத்துக்குள் நின்றுவிட்டு இறங்கிய நாள்களைப் பிள்ளைகள் படமெடுத்து அனுப்புவதில்லை!

ஜெராயின் கதை வேறு. வெயில் ஏற ஏற, கடலிலிருந்தும் வயல்களிலிருந்தும் கிளம்பும் ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து, நடுப்பகலுக்குள் மேகமாகிறது. புகைமூட்டக் காலமென்றால் சொல்லவே வேண்டாம். நீங்கள் மதியம் போயிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். இரவு நல்ல மழை பெய்து ஓய்ந்த விடியலில், பால்மரம் வெட்டப் புறப்படும் நேரத்துக்கே கிளம்புங்கள். மரங்கள் விலகிய இடமாகப் பார்த்துத் தெற்கே திரும்பி நின்றால், வயல்வெளிக்கு அப்பால் பினாங்குத் தீவு தெரியும்.