லைன் அறுந்தால் யார் எடுப்பது?

புதுக்குடியிருப்பில் தகரக் கூரை வீட்டுக்குள் இருந்து உளவளத்துணையாளரோடு வீடியோவில் கதைக்கும்போது, அழுகை வரும் நேரம் பார்த்து லைன் அறுகிறது, அம்மாவுக்கும் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தகரம் சிக்னலை மறிக்கும். வளவில் மர நிழலுக்குப் போங்கோ. வீடியோவை நிற்பாட்டிக் குரலில் மட்டும் கதையுங்கோ, டேட்டா நல்லாக் குறையும். ஹெட்செட் உளவளத்துணையாளரின் குரலைத்தான் மறைக்கும், உங்கள் குரலை இல்லை. ஆராவது கிட்ட வந்தால் சொல்ல, “கரண்ட் பில் கட்டியாச்சு” மாதிரி ஒரு வசனத்தை அவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கோ.

எல்லாத்திலும் முக்கியம் இது: அறுந்தால் அவர்தான் திரும்ப எடுக்கிறது, 5 நிமிடத்துக்குள் எடுபடாவிட்டால் சாதாரண அழைப்பு என்று இப்பவே தீர்மானியுங்கோ. இரண்டு பேரும் ஒரேநேரம் எடுத்தால் இரண்டு பக்கமும் பிசிதான். ஒவ்வொரு அமர்விலும் நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கோ. ஆபத்தென்றால் உதவி அனுப்ப அவருக்கு அது வேணும். அவர் கிடைக்காத இரவில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கோ.