விசிறிக்கும் டர்பைனுக்கும் நடுவே கியர் எதற்கு?

கேள்வி: சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஏ.டி.ஆர். விமானத்தில் வந்தேன், ஜன்னலோர சீட். வெளியே சுற்றும் விசிறியைவிட உள்ளே இருக்கும் டர்பைன் பல மடங்கு வேகமாகச் சுற்றுமாமே? இரண்டையும் நேராக இணைக்காமல் நடுவில் கியர் வைப்பது ஏன்?
– வாசகி ஒருவர், தூத்துக்குடி

பதில்: நேராக இணைத்தால் விசிறி பிய்ந்துவிடும் அம்மா. ஏ.டி.ஆர். 72-இன் இன்ஜினில் விசிறிக்கென்றே தனியாக உள்ள டர்பைன் நிமிடத்துக்குச் சுமார் 20,000 சுற்று சுற்றுகிறது, விசிறியோ முழு வேகத்திலும் 1,200 சுற்றுதான். நீங்கள் பார்த்த அந்த ஆறு இறக்கை விசிறியின் குறுக்களவு 3.93 மீட்டர், அதாவது 1,200 சுற்றிலேயே இறக்கை நுனி நொடிக்கு 247 மீட்டர் ஓடுகிறது. ஒலியின் வேகமே சுமார் 340 மீட்டர்தான், நுனி அதை நெருங்கினாலே இழுவை வீணாகும், இரைச்சல் காதைப் பிளக்கும். 20,000 சுற்றில் சுற்றவிட்டால் நுனி நொடிக்கு 4 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும்!

சரி, டர்பைனை மெதுவாகச் சுற்றவிடலாமே என்றால், அந்தச் சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் சூடான வாயுவிலிருந்து சக்தியை ஒழுங்காகப் பிடுங்கும்.

அதனால்தான் கியர். டர்பைன் தண்டின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம், அதன் இரு பக்கமும் இரண்டு பெரிய பல்சக்கரங்கள். அவற்றின் தண்டுகளில் மறுபடி ஆளுக்கொரு சின்னச் சக்கரம், அந்த இரண்டும் சேர்ந்து விசிறித் தண்டிலிருக்கும் பெரிய சக்கரத்தைத் தள்ளுகின்றன. இரண்டு படியில் வேகம் 16 மடங்குக்கு மேல் குறைகிறது, முறுக்குவிசை கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கூடுகிறது, ஏற்றத்தில் லாரியை முதல் கியரில் ஏற்றுவது போல. எனக்கு இதில் மிகவும் பிடித்தது சுமையை இரண்டு வழியாகப் பிரித்த யோசனைதான், ஒவ்வொரு பல்லும் தாங்க வேண்டியது பாதியாகிவிடுகிறது, பெட்டியும் கனக்காது. இந்த அடுக்கால் விசிறித் தண்டு டர்பைன் தண்டுக்கு மேலே போய்விடுகிறது. விசிறிக்குக் கீழே வாய் திறந்தாற்போல் காற்று நுழையும் வழி இருக்கிறதே, கவனித்தீர்களா? அதற்கு அங்கே இடம் கிடைப்பது இதனால்தான்.

பல் தேய்ந்தால் தெரியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எண்ணெய் ஓடும் வழியில் ஒரு காந்தமுனை உண்டு, இரும்புத் துகள் உதிர்ந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும், மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்த்தே பெட்டியின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார்.

அப்புறம், விமானம் தரையில் நிற்கும்போது சில சமயம் வலப்பக்க இன்ஜின் இரைந்துகொண்டிருக்கும், விசிறி மட்டும் அசையாது. கோளாறு என்று பயப்பட வேண்டாம். கியர்ப்பெட்டியில் உள்ள பிரேக் விசிறியையும் அதன் டர்பைனையும் பிடித்து நிறுத்தியிருக்கிறது, இன்ஜினின் மற்ற பகுதி தனியாக ஓடி உள்ளே மின்சாரமும் ஏ.சி.யும் தருகிறது.