ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவைச் சிங்கப்பூர் உள்விளையாட்டரங்குக்கு அழைத்துச் செல்லலாமா? மேல்தட்டு இருக்கை போதுமா?

இறகுப்பந்துப் போட்டி என்றால் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், மேல்தட்டு இருக்கையே போதும். இசை நிகழ்ச்சி என்றால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். சிங்கப்பூர் ஓபன் போட்டிக்குக் கீழ்வரிசைச் சீட்டு வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றும், அப்பாவுக்கு அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது என்றும், "இதையெல்லாம் வீட்டில் டிவியிலேயே காட்டலாமே" என்று நண்பர்கள் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் அதே வார்த்தைகளை நானும் கேட்டிருக்கிறேன்.

இங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. பெற்றோர் வந்தால் சிராங்கூன் சாலையில் கோயில், முஸ்தபாவில் சாமான், செந்தோசாவில் ஒரு மாலை, பறவைப் பூங்கா, அவ்வளவுதான். வயதானவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் பிடிக்காது என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். அவர்கள் இளமையில் என்ன விளையாடினார்கள், எதற்காக ராத்திரி சைக்கிள் மிதித்து அடுத்த ஊருக்குப் போனார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கோயிலுக்கு அழைத்துப் போவதை நான் குறை சொல்லவில்லை. என் அப்பாவும் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகாமல் ஊர் திரும்பியவர் அல்லர். அந்தப் பட்டியலோடு நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இளமையில் பூப்பந்து ஆடியவர். மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்தை ஆளுக்கொரு மட்டையோடு பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று ஆடும் அந்த ஆட்டம் 1856 வாக்கில் தஞ்சை அரச குடும்பத்தினர் ஆடத் தொடங்கியது என்பது எங்கள் பகுதியில் எல்லோரும் பெருமையோடு சொல்லும் செய்தி. அப்பா காலத்தில் 29 புள்ளிக்கு ஆடுவார்கள். மண் தரை, திறந்தவெளி, மாலைக் காற்று. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்க்காமல் எவரும் பந்தை எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். அந்த ஆட்டத்தைப் பார்க்க இன்று ஊரில்கூட ஆள் குறைந்துவிட்டது என்பது தனிப் புலம்பல்; இங்கே சொல்ல வந்தது அந்தக் காற்றைப் பற்றி.

2022 ஜூலையில் சிங்கப்பூர் ஓபன் இறுதிப் போட்டிகளுக்கு அப்பாவை அழைத்துச் சென்றேன். பெருந்தொற்றுக்குப் பின் எல்லை திறந்து அவர் வந்திருந்த நேரம் அது. அரங்குக்குள் இருந்த கூட்டம் முழுவதும் முகக்கவசம் அணிந்திருந்தது. நான் வாங்கியது மேல்தட்டில், ஆடுகளத்தின் நீளவாட்டுப் பக்கத்தில் இருந்த இருக்கைகள். விலை கட்டுப்படியானதும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் கீழ்வரிசையும் மேல்வரிசையும் ஒரே விலைக்குக் கிடைத்தால்கூட இறகுப்பந்துக்கு நான் மேல்தட்டு நீளவாட்டுப் பக்கத்தையே எடுப்பேன்.

காரணத்தைச் சொல்கிறேன். களம் 13.4 மீட்டர் நீளம். கீழே முன்வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்களின் முகமும் காலடிச் சத்தமும் கிடைக்கும், ஆனால் பந்து பின்கோட்டுக்கு உள்ளே விழுகிறதா வெளியே போகிறதா என்பது கண்ணுக்கு அகப்படாது. மேலே உட்கார்ந்தால் முழு நீளமும் விரித்த பாய்போலத் தெரியும். பந்து எவ்வளவு உயரம் போகிறது, எங்கே வேகம் இழக்கிறது, எந்தக் கோட்டுக்கு மேலே திரும்புகிறது என்று அதன் பாதை முழுவதையும் பார்க்கலாம். தொலைக்காட்சிப் படக்கருவி பெரும்பாலும் பின்கோட்டுக்குப் பின்னாலிருந்து காட்டுவதால் இந்த நீளக் கணக்கு வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. "டிவியில் பார்த்தால் போதாதா" என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்.

பெண்கள் ஒற்றையர் இறுதியில் பி.வி. சிந்துவும் சீனாவின் வாங் ஜியீயும் ஆடினார்கள். முதல் ஆட்டத்தைச் சிந்து 21-9 என்று வென்றார். எங்களைச் சுற்றி இருந்த இந்தியர்கள் எல்லோரும், கோப்பை கைக்கு வந்தாகிவிட்டது என்ற தோரணையில் கைதட்டிக் கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் கைதட்டாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு என் கையைத் தட்டி, "ஏம்மா, அந்தக் கோடியில நின்னு உயர அடிச்சா பந்து உள்ள நிக்கவே மாட்டேங்குது பாரு. அங்கேருந்து காத்து தள்ளுது. இப்ப பக்கம் மாறுனா நம்ம பொண்ணுதான் அங்க போயி நிக்கணும்," என்றார். மூடிய அரங்கில் ஏது காற்று என்று நான் கேட்டதற்கு, மேலே கூரைப் பக்கம் கை காட்டி, "ஏசி எங்கேருந்து வருதுன்னு பாரு," என்றார்.

இரண்டாவது ஆட்டம் 11-21 என்று போனது. சிந்து அடித்த உயரப் பந்துகள் பின்கோட்டைத் தாண்டி விழுந்தபோதெல்லாம் அப்பாவின் விரல் தொடையில் ஒரு கோடு போட்டது. மூன்றாவது ஆட்டத்தில் மறுபடியும் பக்கம் மாறும், 11 புள்ளி வந்ததும் இன்னொரு முறை மாறும். ஆகவே நல்ல பக்கத்தில் நிற்கும்போதே புள்ளி சேர்த்துவிட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஆட்டம் 21-15 என்று முடிந்து சிந்து பட்டம் வென்றார்.

இதைப் படித்துவிட்டு, வெற்றி தோல்விக்கு வேறு ஆயிரம் காரணம் உண்டு, எல்லாவற்றையும் குளிரூட்டியின் தலையில் கட்டாதீர்கள் என்று சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். கட்டவில்லை. சிந்துவின் நிதானமும் எதிராளியின் எழுச்சியும் அந்த எண்களுக்குள் இருக்கின்றன. ஆனால் 16 இறகுகள் கொண்ட, ஏறக்குறைய 5 கிராம் எடையுள்ள ஒரு பொருளைப் பெரிய அரங்கின் குளிர்காற்று இழுக்கும் என்பதும், காற்று தள்ளும் பக்கத்தில் நிற்பவர் தன் வீச்சைக் குறைத்து ஆட வேண்டியிருக்கும் என்பதும், எதிர்க்காற்றில் நிற்பவர் துணிந்து ஓங்கி அடிக்கலாம் என்பதும் இறகுப்பந்து உலகம் நன்கு அறிந்தவை. அந்தக் கணக்கை எவரும் சொல்லித் தராமல், மேல்தட்டில் உட்கார்ந்து, மண்தரையில் கற்றதை வைத்து, முதல் ஆட்டம் முடிவதற்குள் என் அப்பா பிடித்துவிட்டார். பத்தாண்டுக்கு மேல் நான் அந்த அரங்குக்குப் போய் வருகிறேன். எனக்கு அது ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைவிடப் பெருமையாக நான் அந்தக் கூரையின் கீழ் எப்போதும் உணர்ந்ததில்லை.

அந்தக் கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்த அரங்கம் அது, 1989 கடைசியில் திறக்கப்பட்டது. நிகழ்ச்சியைப் பொறுத்து 12,000 பேர் வரை உட்காரலாம். அருகில் 2014இல் வந்த புதிய தேசிய விளையாட்டரங்கம் 55,000 பேரைக் கொள்ளும்; இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வாசலில் வயதானவர்களை நிறுத்திவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டில் எந்த அரங்கம், எந்த வாசல் என்று முதலில் பாருங்கள். 12,000 என்பது பெரிய எண்ணாகத் தோன்றினாலும், மேல்தட்டின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் களம் எட்டாத தூரம் அல்ல. அப்பாவுக்குக் கண்ணாடி மட்டும் சரியாக இருக்கட்டும்.

இப்போது இசை நிகழ்ச்சிக்கு வருகிறேன். இதில் எனக்கு உண்மையான மனத்தாங்கல் உண்டு. இதே அரங்கில் ஒரு திரையிசை நிகழ்ச்சிக்கு அம்மாவை அழைத்துச் சென்றபோது, அவர் அருகிலிருந்து பார்க்கட்டும் என்று தரைத்தளத்து நாற்காலிகளுக்கு அதிக விலை கொடுத்தேன். விளையாட்டுக்குக் களமாக இருக்கும் அந்தத் தளம் சமதரை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள், ஒன்றுக்கு மேல் ஒன்று உயராது. இரண்டாவது பாட்டிலேயே முன்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று கைப்பேசியை உயர்த்திவிட்டார்கள். ஐந்தடிக்கும் குறைவான என் அம்மா, முழங்கால் வலியோடு, அடுத்தவர் முதுகையும் அவர் கைப்பேசித் திரையையும் பார்த்துக்கொண்டு பாட்டைக் கேட்டார். ஏற்பாட்டாளரின் ஆள் ஒருவரிடம் சொன்னதற்கு, "எல்லோரும் நிற்கிறார்கள், நீங்களும் நில்லுங்கள்," என்று பதில் வந்தது. கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள் எழுந்து ஆடுவதை நான் தவறு என்று சொல்லவில்லை. நிற்க முடியாதவர்களும் முழு விலை கொடுத்துத்தான் வருகிறார்கள் என்பதைச் சீட்டு விற்பவர்கள் விற்கும்போதே நினைத்துப் பார்க்க வேண்டும், இன்ன இடத்தில் உட்கார்ந்தால் மறைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த இரவை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே இசை நிகழ்ச்சி என்றால் தரைத்தளம் வேண்டாம். மேடை ஒரு கோடியில் இருக்கும். அதற்குப் பக்கவாட்டில், படிவரிசையின் கீழ்ப்பாதியில் பாருங்கள். அங்கே முன்னால் இருப்பவர் எழுந்தாலும் ஓரளவுக்குத் தலைக்கு மேல் தெரியும். மேடைக்கு மிக ஒட்டிய பக்கவாட்டு இருக்கைகளில் ஒலிபெருக்கிக் கொத்து மறைக்கக்கூடும், அதையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்தட்டுக் கோடியில் பாட்டுச் சொற்கள் கூரையில் பட்டுக் குழம்பி வருவதாக எனக்குத் தோன்றியிருக்கிறது. விளையாட்டுக்கு அந்தக் குறை இல்லை.

இறகுப்பந்துக்கு வயதானவரை அழைத்துப் போகும்போது உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை படியும் குளிரும். மேல்தட்டுப் படிகள் செங்குத்தானவை. வாசலிலிருந்து உள்ளே நுழையும் மட்டத்துக்கு நெருக்கமான வரிசையாகப் பார்த்து எடுங்கள், நடைபாதையை ஒட்டிய இருக்கையாக இருந்தால் கழிவறைக்குப் போய்வர எவரையும் எழுப்ப வேண்டியதில்லை. சக்கர நாற்காலி தேவை என்றால் அதற்கான இடங்கள் தனியாக உண்டு, சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பல மணி நேரம் குளிரூட்டிக்குக் கீழே உட்கார வேண்டும், ஆகவே வேட்டி கட்டுபவராக இருந்தாலும் ஒரு சால்வையும் காலுறையும் கையில் இருக்கட்டும். சத்தத்துக்கும் தயார்ப்படுத்துங்கள். அந்த 2022 இறுதி நாளில் ஐந்து பட்டங்களில் மூன்றை இந்தோனேசியர்கள் வென்றார்கள்; அவர்களுடைய ரசிகர்கள் காற்றடைத்த குழல்களைத் தட்டி எழுப்பிய முழக்கம் நெஞ்சில் அதிர்ந்தது. என் அப்பாவுக்கு அது பிடித்திருந்தது, உங்கள் அப்பாவுக்குப் பிடிக்காமலும் போகலாம்.

போவதற்கு வட்டப் பாதையில் ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலையம் வாசலுக்கே கொண்டுவிடும். திரும்பும்போது மொத்தக் கூட்டமும் அந்த ஒரே நிலையத்துக்குள் இறங்குவதால், பரிசளிப்பு முடிந்ததும் ஓடாமல் பக்கத்திலுள்ள காலாங் வேவ் கடைத்தொகுதியில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்புங்கள். நடக்கக்கூடியவராக இருந்தால் கிழக்கு-மேற்குப் பாதையின் காலாங் நிலையமும் எட்டும் தூரம்தான்.

இறுதி நாளுக்குச் சீட்டு கிடைக்கவில்லை என்றால் மனம் தளராதீர்கள், தொடக்கச் சுற்று நாள் ஒன்றை எடுங்கள். விலை குறைவு, பல களங்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும், காலையிலிருந்து இரவு வரை உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு களத்திலும் காற்று ஒவ்வொரு விதமாக இழுக்கும் என்பது என் அப்பா சொன்னது. உங்கள் அப்பா எந்த ஆட்டம் ஆடியவர் என்று நீங்கள் எழுதவில்லை; சீட்டு வாங்கும் முன் அதை அவரிடமே கேட்டுவிடுங்கள், எந்தக் களத்துக்கு நேரே உட்கார வேண்டும் என்று அவரே சொல்லக்கூடும்.