சாதாரண போனை வைத்து, வீட்டைச் சுற்றியுள்ள இயற்கையை அழகாகப் படம் எடுக்க முடியுமா?

சென்னையில் அபார்ட்மென்ட், கையில் சாதாரண போன், வால்பாறை கொடைக்கானல் என்று போக நேரமில்லை, "இங்கே படம் எடுக்க என்னதான் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மொட்டை மாடியில் நாலு தொட்டியும் தெருமுனைக் காலி மனையில் ஓர் எருக்கஞ்செடியும் இருந்தால் வருஷம் முழுக்க எடுக்கலாம். மிகைப்படுத்தவில்லை. இந்தப் பதிலையே அந்த இரண்டை வைத்துத்தான் எழுதுகிறேன்.

போனில் எடுப்பதெல்லாம் படமா என்று கேட்டு யாராவது வருவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறக்கும் மீன்கொத்திக்குத் தூரத்தில் உள்ளதைக் கிட்டே காட்டும் 400 மி.மீ. லென்ஸ் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தக் கேள்வி மீன்கொத்தியைப் பற்றியது இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள சின்னப் பொருளுக்குப் போனின் சிறிய சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) உதவியே செய்கிறது. பெரிய கேமராவில் வண்டின் கண் மட்டும் ஃபோகஸில் நிற்கும் இடத்தில், போனில் தலை முழுக்க நிற்கும். அதோடு, சென்னையில் வாழ்ந்து மறைந்த இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) தானே பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கேமராவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். காட்டு யானையைக் கவனித்த அதே அக்கறையோடு வீட்டைச் சுற்றி வாழும் உயிர்களையும் கவனித்து எழுதினார். கருவி குறைவு என்பதைக் காரணமாகச் சொல்லும்போது அவரை நினைத்துக்கொள்வது நல்லது.

முதலில் போன். விலை குறைந்த போன்களில் மிக நெருக்கத்தில் எடுக்க 'மேக்ரோ' என்று தனியாக ஒரு 2 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பார்கள். அதைத் தொடாதீர்கள். ஃபோகஸ் நகராது, நிறமும் செத்துப்போயிருக்கும். மெயின் கேமராவில், பொருளிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளி நின்று, 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுத்தால் அதைவிட எவ்வளவோ தெளிவாக வரும். ரொம்பக் கிட்டே போனால் கேமராவால் ஃபோகஸ் பிடிக்க முடியாது. திரையில் சரியாக இருப்பதுபோலத் தெரியும், பெரிதாக்கிப் பார்த்தால்தான் மங்கல் தெரியும். சீன் மோட், ஏ.ஐ. என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். இலைப் பச்சையைப் பெயின்ட் பச்சையாக்குவது அதுதான். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். பூச்சியின் மீசையையும் சிலந்தி இழையையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும்.

இன்னும் நெருங்க வேண்டும் என்றால், போன் கேமராவின் மேல் மாட்டும் 10 எக்ஸ் கிளிப் லென்ஸ் போதும். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸை டபுள் சைடு டேப்பில் ஒட்டினாலும் வேலை நடக்கும். பவர் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 3 எக்ஸ், 5 எக்ஸ் என்றும் வரும். 10 எக்ஸ் என்றால் பொருளுக்கும் லென்ஸுக்கும் இடையே சுமார் ஓர் அங்குலம்தான் இருக்கும். இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. போன் கவரைக் கழற்றாமல் மாட்டுவது முதலாவது. லென்ஸ் சாய்ந்து ஒரு பக்கம் இருட்டும், ஓரத்தில் ஊதாக் கோடு விழும். இரண்டாவது, கிட்டே போனதும் போன் தானாகவே அல்ட்ரா வைடு கேமராவுக்குத் தாவுவது. நீங்கள் லென்ஸ் மாட்டியது ஒரு கண்ணில், படம் எடுப்பது இன்னொரு கண்ணில் என்று ஆகிவிடும். செட்டிங்கில் அந்தத் தானியங்கி மேக்ரோவை நிறுத்திவிடுங்கள். மூன்றாவது உங்கள் நிழல். ஓர் அங்குலத்தில் போனே வெளிச்சத்தை மறைக்கும், அதனால் வெயில் பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள்.

ஃபோகஸுக்குத் திரையைத் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். ஒரு முறை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவும்) பூட்டிக்கொள்ளும். அப்புறம் இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு நிறுத்தி, உடம்பையே அரை அங்குலம் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக்கொண்டு தொடர்ந்து எடுங்கள். இருபதில் ஒன்று கூர்மையாக வரும். ஒன்று போதும். அனுபவசாலிகளும் இப்படித்தான் எடுக்கிறார்கள்.

இனிப் பனித்துளி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் ஒரு வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

பனி மேலிருந்து பெய்வதில்லை. வானம் தெளிந்து காற்று அசையாத இரவில், இலை தன் சூட்டை வானத்துக்கு இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதைத் தொடும் காற்றில் இருக்கும் ஈரம் துளியாகப் படிகிறது. இலைக்கு வானம் 'தெரிய' வேண்டும் என்பதுதான் முக்கியம். தலைக்கு மேல் ஸ்லாப் இருக்கும் பால்கனியிலும், மரத்தடியிலும், மேகம் மூடிய இரவிலும் துளி பிடிக்காததற்குக் காரணம் இதுவே. மார்கழி, தை மாதங்களில் தொட்டியை ராத்திரி திறந்த மாடிக்கு மாற்றி வையுங்கள். ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் உதிக்க 6.35 ஆகிவிடும். அதற்கு முன்பே இடத்தில் இருங்கள், வெயில் ஏறியபின் ஒரு மணி நேரத்தில் எல்லாம் காய்ந்துவிடும். ஏசி அறையிலிருந்து போனை நேரே வெளியே எடுத்துப்போனால் லென்ஸ் வேர்த்துவிடும். கால் மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

பனி இல்லாத நாளுக்கும் ஒரு வழி உண்டு. சேம்பு, தக்காளி, புல் இவற்றின் இலை நுனியிலும் ஓரத்திலும் விடியற்காலையில் வரிசையாக நிற்கும் துளிகள் பனி அல்ல, செடி தானே கசியவிடும் நீர். சாயங்காலம் தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, இரவு புழுக்கமாகவும் இருந்தால் காலையில் கட்டாயம் பார்க்கலாம். பனி இலை முழுக்கப் பொடியாகப் படியும். இதுவோ ஓரத்தில் மணி கோத்ததுபோல் இடைவெளி விட்டு நிற்கும். என்னைக் கேட்டால் படத்துக்கு இரண்டாவதுதான் அழகு.

அந்தத் துளிக்குள் ஒரு பூவைக் கொண்டுவருவது எப்படி? துளி ஒரு லென்ஸ். பின்னால் இருப்பதைத் தலைகீழாகக் காட்டும். புல் நுனியில் தொங்கும் 3 மி.மீ. துளி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்கு நேர் பின்னால் மூன்று நாலு அங்குலத்தில் ஒரு செம்பருத்தியையோ சாமந்தியையோ வையுங்கள், பூவைத் தலைகீழாகப் பிடித்து. துளிக்குள் அது நேராகத் தெரியும். பூவின் மேல் வெளிச்சம் விழ வேண்டும், துளியின் மேல் விழ வேண்டாம். துளியில் வெயில் பட்டால் வெள்ளைப் பொட்டு ஒன்று வந்து பூவை மறைத்துவிடும்.

இதில் எல்லோரும் தடுக்கி விழுவது ஃபோகஸில். துளியின் விளிம்பு கூர்மையாக இருக்கும், உள்ளே பூ மங்கலாக இருக்கும். காரணம், பூவின் பிம்பம் துளிக்கு உள்ளே இல்லை. துளிக்கு முன்னால், உங்கள் பக்கமாக, துளியின் பாதி அகலம் அளவுக்கு வெளியே நிற்கிறது. அதனால் துளியின் விளிம்பில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, போனைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் பின்னுக்கு இழுங்கள். பூவின் இதழ் நரம்பு சட்டென்று தெளியும். விளிம்பு லேசாக மங்கும், மங்கட்டும்.

புல் ஆடினால் ஓர் ஈர்க்குச்சியைப் பக்கத்தில் மண்ணில் நட்டு, துணி கிளிப்பால் தண்டைக் குச்சியோடு பிடித்து நிறுத்தலாம். தண்டு நசுங்காமல் நடுவில் ஒரு பஞ்சுத் துண்டு வையுங்கள். துளி வேண்டுமென்று கிளிசரின் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். பிசுபிசுவென்று ஒட்டி, தூசியையும் சின்னப் பூச்சியையும் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

வெளிச்சமும் பின்னணியும் வாங்கத் தேவையில்லாதவை. ஒன்பது மணிக்கு மேல் வெயில் கடுத்தால், நனைத்து உலர்த்திய இட்லித் துணியையோ பழைய வேட்டியையோ செடிக்கு மேல் ஓர் அடி உயரத்தில் பிடித்தால் நிழல் மெத்தென்று ஆகிவிடும். இருண்ட பக்கத்தைத் தூக்க வெள்ளை சார்ட் பேப்பர் கால் பங்கு போதும். கறுப்புப் பின்னணி வேண்டுமா? மாடி அறைக் கதவைத் திறந்து வைத்து, உள்ளே விளக்கை அணைத்து, தொட்டியை வாசலுக்கு வெளியே வெயிலில் வையுங்கள். அறையின் இருட்டே வெல்வெட் திரை. அரச இலை, வாழை இலை நரம்புகளை வெயிலுக்கு எதிராகப் பிடித்து எடுப்பதற்கும் இந்த இருட்டு பொருந்தும். வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது படம் பால் கொட்டியதுபோல் வெளுத்தால், லென்ஸில் கைரேகை எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

தும்பை, மல்லிகை, நந்தியாவட்டை போன்ற வெள்ளைப் பூக்களுக்கு எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை இறக்குங்கள். செம்பருத்திக்கும் அப்படியே. சிவப்பு சீக்கிரம் வழிந்து, இதழ் மடிப்பு எல்லாம் ஒரே சாயப் பூச்சாகிவிடும். நிழலில் எடுத்தால் மடிப்பு தப்பிக்கும்.

சிலந்தி வலையில் போன் ஃபோகஸ் பிடிக்காது, இழை வழியாகப் பின்னால் உள்ள சுவரைப் பிடிக்கும். வலைக்கு அதே தூரத்தில், வலையைத் தொடாமல், உங்கள் விரலை நீட்டி அதில் ஃபோகஸைப் பூட்டி, விரலை எடுத்துவிட்டு எடுங்கள். மாவு தூவாதீர்கள். அது சிலந்தியின் உழைப்பு.

இனி எருக்கு. அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, இலையைத் தொட்ட கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள். ஊதாப் பூவின் நடுவில் இருக்கும் கிரீடத்தை நேர் மேலிருந்து எடுத்தால் ஐந்து மூலையும் ஒரே தளத்தில் கூர்மையாக வரும். மொட்டுக் காம்பில் மஞ்சள் அசுவினிப் பூச்சிக் கூட்டமும், அதைத் தின்ன வரும் பொறிவண்டும் இருக்கும். பளபளக்கும் கறுப்புத் தச்சுத்தேனீ பூவுக்கு வரும். அதன் முதுகு கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும், எனவே மேகமூட்டமான நாளில் எடுத்தால் இறக்கையின் ஊதாச் சாயல் தெரியும். பெரும்பாலான பூச்சிகளுக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும், ஆகவே விடிந்த ஒரு மணி நேரம் அவை மந்தமாக இருக்கும். அந்த நேரம் தரும் நெருக்கத்தை எந்த லென்ஸும் தராது. அசையாமல் இருக்க வேண்டுமென்று பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பதையும், பசை தொட்டு ஒட்டுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படி எடுத்த படத்துக்கு ஆயிரம் லைக் வந்தாலும் அதில் இருப்பது வதைதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததையும் ஒரு பத்தி சொல்லிவிடுகிறேன். வாசல், நடைபாதை, கார் நிறுத்துமிடம் என்று ஒரு சாண் மண் விடாமல் பேவர் பிளாக் பதிப்பதும், காலி மனையில் முளைத்த எருக்கையும் தும்பையையும் 'புதர், பாம்பு வரும்' என்று களைக்கொல்லி அடிப்பதும் வழக்கமாகிவிட்டது. பாம்பு பயம் நியாயமானது, குழந்தைகள் விளையாடும் இடத்தைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் மதில் ஓரத்தில் இரண்டடிப் பட்டை விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? வெந்தய வரியன் பட்டாம்பூச்சிக்கு முட்டையிட எருக்கோ அதன் குடும்பச் செடியோ வேண்டும். செடியை வேரோடு அழித்துவிட்டு, நகரத்தில் பட்டாம்பூச்சியே இல்லை என்று அதே ஆட்கள் வருத்தப்படுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் தெருவில் எருக்கு இன்னும் தப்பியிருந்தால் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். வெந்தய வரியனின் வெள்ளை முட்டை ஒன்று ஒன்றாக ஒட்டியிருக்கும். புழு கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக, மஞ்சள் புள்ளிகளோடு இருக்கும், முதுகில் மூன்று ஜோடி கறுப்புத் தும்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டுப்புழு பச்சையாகவோ வெளிர் ரோஸாகவோ தொங்கும். தினமும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்துவையுங்கள். கூட்டின் தோல் கண்ணாடியாகி, உள்ளே ஆரஞ்சு இறக்கை மடிந்திருப்பது தெரிந்தால் மறுநாள் காலை வெளியே வரும். போனைச் சார்ஜ் போட்டு, விடியும்போதே போய்விடுங்கள். வெளியே வந்ததும் இறக்கை கசங்கிய காகிதம் மாதிரி இருக்கும், கால் மணி நேரத்தில் விரிந்துவிடும், அப்புறம் காய்வதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அவசரமே வேண்டாம். தொடாமல், கிளையை ஆட்டாமல், இறக்கைக்கு இணையாகப் போனைப் பிடித்து எடுங்கள். நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இறக்கைச் செதில் அப்போதுதான் அவர்களுக்கும் தெரியும்.