எல்லாச் சண்டையும் 'ஃபைட்' இல்லை: பெங்களூரு வாசகர்களின் ஆங்கிலக் கேள்விகள்

தண்ணீர்க் குழாயடியில் நடப்பதும் சண்டை, எல்லையில் நடப்பதும் சண்டை. தமிழில் ஒரே சொல் போதும், மீதியைக் கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அப்படி ஓட்ட முடியாது. கை ஓங்கினார்களா, வாயோடு நின்றதா, இரண்டு பேரா, கூட்டமா என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

ஒயிட்ஃபீல்டு, ஐடி ஊழியர்: மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் டீம் லீட் என்னைத் திட்டிட்டார் சார். 'ஹீ ஃபாட் வித் மீ அண்ட் அப்யூஸ்டு மீ'ன்னு எச்.ஆருக்கு மெயில் எழுதி வெச்சிருக்கேன். அனுப்பலாமா?

அப்படியே அனுப்பாதீர்கள். அந்த வரியில் இரண்டு சொற்கள் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

முதலாவது 'ஃபாட்'. வீட்டுப் பேச்சில் வாய்ச்சண்டைக்கும் இது வரும். ஆபீஸ் புகாரில் வந்தால் கைகலப்பு நடந்ததா என்ற கேள்விதான் முதலில் எழும். அதோடு, சண்டை என்றால் இரண்டு பக்கமும் போட்டதாக ஆகிறது. நீங்கள் பேசாமல் நின்றிருந்தாலும் பாதிப் பழி உங்கள் தலையில்.

இரண்டாவது 'அப்யூஸ்டு'. நம் ஊர் ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார் என்று பொருள். மெயிலைப் படிப்பவர் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருந்தால் உடல்ரீதியான, பாலியல்ரீதியான கொடுமை வரை அவர் நினைப்பு போகும். விசாரணை அங்கே தொடங்கி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் உங்கள் உண்மையான குறையும் பலவீனப்பட்டுவிடும். 'ஸ்கோல்டட்' என்று மாற்றலாம் என்று தோன்றும். அது பெற்றோர் பிள்ளையைக் கண்டிக்கும் சொல், நாற்பது வயதுக்காரர் தன்னைப் பற்றி எழுதினால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும்.

நடந்ததை மட்டும் எழுதுங்கள்: நாள், நேரம், யார் இருந்தார்கள், வாயில் வந்த சொல் என்ன. 'அட் தி 11 ஏ.எம். மீட்டிங் ஆன் மண்டே, ஹீ ரெய்ஸ்டு ஹிஸ் வாய்ஸ் அண்ட் கால்டு மீ யூஸ்லெஸ் இன் ஃப்ரண்ட் ஆஃப் சிக்ஸ் கலீக்ஸ்.' கெட்ட வார்த்தை வந்திருந்தால் 'யூஸ்டு அப்யூசிவ் லாங்குவேஜ்' என்று எழுதுங்கள், 'லாங்குவேஜ்' சேர்ந்ததும் குழப்பம் தீர்ந்துவிடும். கை பட்டிருந்தால் 'புஷ்டு மீ', 'கிராப்டு மை ஆர்ம்' என்று பட்டபடியே சொல்லுங்கள். 'வெரி', 'ஆல்வேஸ்' இரண்டையும் வெட்டிவிடுங்கள். 'எப்போதும் இப்படித்தான்' என்று எழுதினால் ஒரு நாள் அவர் நன்றாக நடந்துகொண்டதைக் காட்டி மறுத்துவிடலாம்.

இந்திராநகர்: கிளையன்ட் கால்ல 'வீ வான்ட் டு புஷ் பேக் தி டெட்லைன்'னு சொன்னேன். மேனேஜர் முகம் மாறிடுச்சு. என்ன தப்பு?

ஒரு 'ஆன்' குறைந்ததால் வந்த வினை. 'புஷ் பேக் தி டெட்லைன்' என்றால் தேதியைத் தள்ளிப்போடுவது. 'புஷ் பேக் ஆன் தி டெட்லைன்' என்றால் அந்தத் தேதியை ஏற்காமல் மரியாதையாக எதிர்ப்புத் தெரிவிப்பது. நீங்கள் சொல்ல வந்தது இரண்டாவது என்றால், கிளையன்ட் காதில் விழுந்தது முதலாவது: டீமே தேதியைத் தள்ளத் தயாராகிவிட்டது என்று.

அல்சூர், எட்டாம் வகுப்பு மாணவியின் அம்மா: பொண்ணு 'வீ வோன் தெம்'னு எழுதினதுக்கு டீச்சர் சுழிச்சுட்டாங்க. ஜெயிச்சோம்னா 'வோன்' தானே மேடம்?

டீச்சர் செய்தது சரி. 'வின்' பண்ணுவது மேட்சை, கோப்பையை, தேர்தலை. எதிராளியை 'பீட்' பண்ண வேண்டும், அல்லது 'டிஃபீட்'. 'வீ வோன் தி மேட்ச்', 'வீ பீட் தெம்'. தமிழில் 'அவங்களை ஜெயிச்சோம்' என்று 'ஐ' உருபு போட்டு இயல்பாகச் சொல்கிறோம், அதே பழக்கத்தில் 'வோன் தெம்' வந்துவிடுகிறது. தோற்றால் 'வீ லாஸ்ட் டு தெம்'.

'பீட்'டின் இறந்த காலமும் 'பீட்' தான், 'பீட்டட்' கிடையாது. மூன்றாம் வடிவம் 'பீட்டன்'. இன்னொன்றையும் இப்போதே சொல்லிக்கொடுங்கள்: வகுப்பில் ஒருவன் ஒரு அடி கொடுத்தால் 'ஹீ ஹிட் மீ'. 'ஹீ பீட் மீ' என்றால் திரும்பத் திரும்ப அடித்தான் என்றும் ஆகும், போட்டியில் ஜெயித்தான் என்றும் ஆகும்.

ராமமூர்த்தி நகர்: அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல மெயின்டனன்ஸ் ஏத்தறாங்க. மினிட்ஸ்ல, அதான் கூட்டக் குறிப்புல, என் எதிர்ப்பு பதிவாகணும். 'ஐ ஆம் அப்போஸிங் டு திஸ்' சரியா?

சரியில்லை. 'அப்போஸ்' வினையாக வந்தால் 'டு' வேண்டாம்: 'ஐ அப்போஸ் திஸ் ரெசொல்யூஷன்'. 'அப்போஸ்டு' என்று வந்தால் 'டு' கட்டாயம்: 'ஐ ஆம் அப்போஸ்டு டு திஸ் ரெசொல்யூஷன்'. 'ஆப்ஜெக்ட்'டுக்கும் 'டு' உண்டு, அதன்பின் வரும் வினைக்கு 'இங்' சேர்க்க வேண்டும்: 'ஐ ஆப்ஜெக்ட் டு ரெய்ஸிங் தி சார்ஜஸ் வித்தவுட் நோட்டீஸ்'. 'ரெசிஸ்ட்'டுக்கு 'டு' இல்லை.

மினிட்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் 'டிசென்ட்', அதாவது மாற்றுக் கருத்து. 'ப்ளீஸ் ரெக்கார்ட் மை டிசென்ட்' என்று கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், காரணத்தை ஒரே வரியில் சேருங்கள். ஓட்டெடுப்பில் கை தூக்காமல் இருந்தால் அது எதிர்ப்பு ஆகாது, 'அப்ஸ்டெய்ன்' என்றுதான் எழுதுவார்கள்.

சிவாஜிநகர்: வீட்டு ஓனர் அட்வான்ஸ்ல பெயின்டிங் செலவுன்னு பெரிய தொகை பிடிச்சுட்டார். கடிதத்துல 'கான்ஃபிளிக்ட்'னு போடவா, 'டிஸ்ப்யூட்'னு போடவா?

'டிஸ்ப்யூட்'. ஒரு உரிமை, ஒரு தொகை, ஒரு எல்லை பற்றி இரண்டு தரப்பும் வேறு வேறு சொன்னால் அது டிஸ்ப்யூட். 1990-ல் காவிரிக்கு அமைத்த நடுவர் மன்றத்தின் பெயரிலும், 1947-ன் தொழில் தகராறு சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது இதே சொல்தான். வினையாகப் போட்டால் கடிதம் இன்னும் நறுக்கென்று இருக்கும்: 'ஐ டிஸ்ப்யூட் திஸ் டிடக்ஷன்'. அடுத்த வரியில் பில் கேளுங்கள்.

நுகர்வோர் ஆணைய வழக்குகளில் எதிர்த்தரப்பை 'ஆப்போசிட் பார்ட்டி' என்றே எழுதுவார்கள். அது அந்த இடத்தின் வழக்கு. கிரிக்கெட்டில் எதிரணியை 'ஆப்போசிங் டீம்' என்று சொல்லுங்கள்.

கே.ஆர். புரம், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: வார், பேட்டில், சீஜ், ஸ்கர்மிஷ். எல்லாத்துக்கும் போர்னே எழுதிட்டு வரேன். வித்தியாசம் ஞாபகத்துல நிக்கல.

நம் பக்கத்து வரலாற்றிலேயே வைத்துப் பாருங்கள். மைசூருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்தவை நான்கு 'வார்'. மூன்றாவது 1790 முதல் 1792 வரை. வார் என்றால் ஆண்டுக்கணக்கில்கூட ஓடும் முழுப்பகை, அதற்குள் பல மோதல்கள் அடக்கம். 1780-ல், இரண்டாம் மைசூர்ப் போரின்போது, காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் நடந்தது 'பேட்டில்': ஒரு களம், இரண்டு படை, ஒரு முடிவு. 1791-ல் கம்பெனித் தளபதி காரன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையைச் சூழ்ந்து பீரங்கியால் சுவரை உடைத்தது 'சீஜ்', முற்றுகை. அந்தக் கோட்டையின் எஞ்சிய பகுதி இன்றும் கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் நிற்கிறது, ஒரு முறை போய்ப் பார்த்தால் சொல் மறக்காது. உடைத்த இடத்தில் ஏறிப் புகுந்தது 'அசால்ட்'. வழியில் சிறு குதிரைப்படைகள் உரசிக்கொண்டு பிரிந்தால் 'ஸ்கர்மிஷ்'.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'தி மராத்தாஸ் ஃபாட் வித் தி பிரிட்டிஷ்' என்று எழுதினால் என்ன பொருள்? மூன்றாம் மைசூர்ப் போரில் மராத்தியர் கம்பெனியோடு சேர்ந்து போரிட்டார்கள். 1803-ல் கம்பெனியை எதிர்த்துப் போரிட்டார்கள். 'வித்' இரண்டையும் சுமக்கும். விடைத்தாளில் எதிர்த்து என்றால் 'அகெய்ன்ஸ்ட்', சேர்ந்து என்றால் 'அலாங்சைடு' என்று எழுதுங்கள்.

நிறுத்துவதிலும் படிகள் உண்டு. 'சீஸ்ஃபயர்' சுடுவதை நிறுத்துவது. 'ட்ரூஸ்' கொஞ்ச காலத்துக்கு ஒத்துக்கொண்ட ஓய்வு. 'ஆர்மிஸ்டிஸ்' போரை நிறுத்தும் முறையான ஒப்பந்தம். 'ட்ரீட்டி' கையெழுத்தானால்தான் சமாதானம். கொரியாவில் 1953-ல் ஆர்மிஸ்டிஸ் கையெழுத்தானது, அமைதி ட்ரீட்டி இன்றுவரை இல்லை.

'மியூட்டினி' எழுதும்போது நிதானம் வேண்டும். படைவீரர்கள் தங்கள் அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிய மறுப்பதுதான் அது. வேலூர் 1806, பம்பாய் கடற்படை 1946 இரண்டையும் ஆங்கில ஆவணங்கள் அப்படித்தான் குறித்தன. எழுந்தவர் பக்கம் நின்று பார்த்தால் 'ரிவோல்ட்', 'அப்ரைஸிங்'. எந்தச் சொல்லை எடுக்கிறீர்களோ அந்தப் பக்கம் நிற்கிறீர்கள்.

ஸ்ரீராமபுரம்: பேப்பர்ல ஸ்கஃபில், பிரால், கிளாஷ், ரயட்னு மாத்தி மாத்திப் போடறாங்களே?

'ஸ்கஃபில்' சட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொள்வது, சில நிமிடங்களில் முடியும். 'பிரால்' பார் வாசலில் நடப்பது போல இரைச்சலோடு பலர் அடித்துக்கொள்வது. 'கிளாஷ்' இரண்டு கூட்டங்களுக்கு நடுவே. 'ரயட்'டுக்குச் சட்டத்தில் எண்ணிக்கையே உண்டு: குறைந்தது ஐந்து பேர். பொது இடத்தில் இரண்டு பேர் சண்டையிட்டு அமைதியைக் கெடுத்தாலே 'அஃப்ரே' என்ற தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவை தொடர்கின்றன. ஆகவே பஸ்ஸில் இரண்டு பேர் தள்ளிக்கொண்டதை 'ரயட்' என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: 'கான்ஃபிளிக்ட்'னு சொன்னா அமெரிக்க டீம் ரெண்டாவது தடவை கேக்கறாங்க.

அழுத்தம் இடம் மாறியிருக்கும். பெயர்ச்சொல் என்றால் முதல் அசையை அழுத்துங்கள்: *கான்*-ஃபிளிக்ட். வினை என்றால் இரண்டாவதை: கன்-*ஃபிளிக்ட்*. 'ரெபெல்', 'கான்டெஸ்ட்' இரண்டுக்கும் இதே கணக்கு. தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறாது, அதனால் நம் காது அதைத் தேடுவதில்லை. 'அட்டாக்' மட்டும் எப்போதும் பின்னசையில். சச்சரவு என்ற பொருளில் வரும் ஆர்-ஓ-டபிள்யூ எழுத்துச் சொல் 'ரௌ', 'கௌ' போல. 'ரோ' என்றால் வரிசை.

ஜாலஹள்ளி: வீட்டுக்காரரோட மூணு நாளா பேச்சுவார்த்தை இல்ல, இப்ப சமாதானம் ஆயிட்டோம். ஃப்ரெண்டுக்கு 'வீ காம்ப்ரமைஸ்டு'ன்னு மெசேஜ் போட்டேன், என்ன விட்டுக்குடுத்தேன்னு கேக்கறா அக்கா.

அவர் கேட்டதில் தப்பில்லை. 'காம்ப்ரமைஸ்' என்றால் இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒரு முடிவுக்கு வருவது. கோபம் தீர்ந்து பேசிக்கொண்டால் 'வீ மேட் அப்'. பேச்சுவார்த்தை இல்லாத அந்த மூன்று நாளுக்கு 'வீ வேர் நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ்'. சண்டையால் உறவு கசந்து விலகியிருந்தால் 'ஃபெல் அவுட்'. உங்களுக்கு அது வேண்டாம், 'வீ ஹேட் அன் ஆர்க்யுமென்ட், பட் வீ ஹேவ் மேட் அப் நௌ' என்று அனுப்புங்கள்.